தையலா, வெட்டா?

கால்பந்து ஆட்டத்தில் அவளுக்கு முழங்கால் குருத்தெலும்பு கிழிந்துவிட்டது.

"தைச்சா ஆறு மாசம் ஆட முடியாது, ஆனா முழங்கால் கடைசிவரைக்கும் உழைக்கும். கிழிஞ்சதை வெட்டி எடுத்தா அடுத்த மாசமே ஆடலாம், முப்பது வயசுல மூட்டு தேஞ்சிடும்," என்றார் டாக்டர்.

"தைச்சிடுங்க," என்றாள்.

அடுத்த மாதம் இறுதிப் போட்டி. கூட நின்ற கோச்சின் முகம் சுண்டிப்போனது.

அறுவை சிகிச்சை முடிந்து கண் விழித்ததும் நர்ஸ், "நாளைக்கே நடக்கலாம்," என்றாள்.

"தையல் பிரிஞ்சிடாதா?"

"தைக்கலையேம்மா, வெட்டி எடுத்தாச்சு. உனக்குப் பதினேழு வயசுதானே? வெட்டி எடுக்கச் சொல்லி உங்கப்பா கையெழுத்துப் போட்டுட்டாரே."

கோச் உள்ளே வந்து அவள் தலையைத் தடவினார்.

"இந்த அப்பா மேல கோவமா, கண்ணு?"

அவள் அந்தக் கையை விலக்கினாள்.

"வெளிய போங்க, கோச்."