கடைசியாக மூடிய புரோகிராம்

மத்தியான வெயில் திரையில் கூசாதபடி ஜன்னலில் துண்டைத் தொங்கவிட்டு விளையாட உட்கார்ந்திருக்கிறாள் அவள். பழைய கம்ப்யூட்டரில் பந்தயக் கார் நொண்டி நொண்டி ஓடுகிறது. வேகம் கூட்ட, பின்னால் சும்மா ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களை ஒவ்வொன்றாக மூடுகிறாள். கடைசியில், முன்பின் தெரியாத பேரில் ஒன்று பாதி மெமரியைத் தின்றுகொண்டு கமுக்கமாக உட்கார்ந்திருக்கிறது. "என்னங்க, இது நீங்க போட்டதா?" "எனக்கு கம்ப்யூட்டரப் பத்தி என்ன தெரியும்?" சட்டைக்கு இஸ்திரி போடும் கணவன் தலை நிமிரவில்லை. அதையும் மூடுகிறாள். கார் வழுக்கிக்கொண்டு பறக்கிறது. அதே நொடி அவன் பேன்ட் பாக்கெட்டில் போன் டிங் என்கிறது. "யாரு?" "ஏதோ விளம்பரம்." போனை எடுத்துப் பார்க்காமலே சொல்கிறான். அவள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, அந்தப் புரோகிராமைத் திறந்து மறுபடி மூடுகிறாள். அவன் பாக்கெட்டில் மறுபடி டிங். இஸ்திரிப் பெட்டி சட்டை மேலேயே நின்றுவிடுகிறது. துணி தீயும் வாடை வருகிறது.