எத்தனை நிலா?

"பூமிக்கு எத்தனை நிலா?" மொட்டை மாடியில் நின்றபடி கேட்டாள் கனிமொழி. கீழ்வேளூரில் அவள் அறிவியல் டீச்சர்.

"ஒண்ணுன்னு ஊருக்கே தெரியுமே."

"ஊருக்குத் தெரிஞ்சது வேணாம். நீ பாத்துச் சொல்லு. போன மாசம் மூணாம் பிறையைப் பாத்துட்டு ரெண்டுன்னு சொன்னே."

"அன்னிக்கு ரெண்டுதான் இருந்துச்சு."

மாடிப்படியில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அவள் அம்மா ராமாயி, "ஏன்டி வெரட்டுற? நிதானமா பாத்துச் சொல்லட்டும்" என்றாள்.

கனிமொழி காத்திருந்தாள். இந்தப் பதிலை நினைத்து ஒரு வாரமாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"ஒண்ணு."

அவள் மூச்சு விடுவதற்குள், "இரு, பக்கத்துல இன்னொண்ணும் தெரியுது" என்று குரல் வந்தது.

ராமாயியின் கை கீரையிலேயே நின்றது. "போச்சு. கண் ஆபரேஷன் வேணாம்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன். உங்கப்பாவை நீதான் இழுத்துக்கிட்டுப் போனே."

"அது எப்படிப்பா இருக்கு?" என்றாள் கனிமொழி.

"சின்னதா, பொட்டு வச்ச மாதிரி. பளிச்சுனு இருக்கு."

அவள் மேற்கே திரும்பிப் பார்த்தாள். பார்த்ததும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"அது வெள்ளிப்பா. வெள்ளிக் கிரகம்."

டாக்டர் கொடுத்த கறுப்புக் கண்ணாடியைக் கையில் வைத்திருந்த வீரையன் யோசித்தார். "நாத்துப் பறிக்கக் கெளம்புறப்போ, விடியக்காலம் கெழக்க நிக்குமே, அதுவா?"

"அதேதான். சில மாசம் காலையில வரும், சில மாசம் சாயங்காலம் மேற்க வரும்."

"மூணு வருசமா கண்ணுலயே படலை" என்றார் வீரையன். "அதுக்குள்ள எடம் மாறிப் போயிருக்கு பாரு."