அறுபது நிமிஷத் தறிச் சத்தம்

"மாப்பிள்ளை, ஞாயித்துக்கெழமை வாரப்ப உங்கூட்டுத் தறிச் சத்தத்தைக் கொஞ்சம் புடிச்சுட்டு வாங்க."

தொண்டாமுத்தூர் டெலிபோன் பூத்துக்குள் ராசாத்தாள் இப்படிச் சொன்னதும், வெளியே காத்திருந்தவர்கள் கண்ணாடி வழியாக அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். கருமத்தம்பட்டியில் போனைப் பிடித்திருந்த மருமகன் மயில்சாமிக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ராசாத்தாள் விளக்க ஆரம்பித்தாள்.

பிரசவத்துக்கு வந்த மகள் சாந்தாமணிக்குப் பெண் குழந்தை பிறந்து ஐம்பது நாள் ஆகிறது. குழந்தை பால் குடித்தது, சிரித்தது, நாளொரு மேனியாக வளர்ந்தது. தூக்கம் ஒன்றுதான் தகராறு. தொட்டிலில் போட்டுக் கால் மணி நேரம் ஆகாது, வீல் என்று அலறும். ராசாத்தாள் அடுப்படியிலிருந்து ஓடி வருவதற்குள் சாந்தாமணி குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருப்பாள். வசம்பு, ஓமத் தண்ணீர், திருஷ்டி கழிப்பது, மந்திரிப்பது எல்லாம் ஆயிற்று. குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை என்று சொன்ன டாக்டரம்மா, ராசாத்தாளின் ரத்த அழுத்தத்தைப் பார்த்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

விஷயம் சம்பந்தியம்மாள் காது வரை போய்விட்டது. அங்கே ஒத்துக்கொள்ளவில்லை என்றால் புதன்கிழமை வண்டி எடுத்து வந்து தாயையும் பிள்ளையையும் கூட்டிப் போகிறோம் என்று சொல்லி விட்டிருந்தார். ராசாத்தாளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரே மகள். கல்யாணமாகிப் போன இரண்டு வருஷத்தில் இதற்கு முன் சேர்ந்தாற்போல நாலு நாள் வந்து தங்கியதில்லை. மூன்று மாதம் பக்கத்தில் வைத்து, பத்தியச் சமையல் செய்து போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்துத் தேற்றி அனுப்பலாம் என்றிருந்தாள். பாதியில் விட அவளுக்கு மனசே இல்லை.

அப்போதுதான் தடுப்பூசி போட டவுனுக்குப் போனார்கள். போக வர ஒன்றரை மணி நேர பஸ் இரைச்சலில், சாந்தாமணியின் மடியில் கிடந்த குழந்தை அசையவே இல்லை. சாந்தாமணியும் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து நன்றாகத் தூங்கிவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராசாத்தாளுக்கு அந்த நிமிஷம் மூளை வேலை செய்தது.

"உங்கூட்டுல செவுத்துக்கு அந்தப்பக்கம் எட்டுத் தறி ஓடுதுங்க. பத்து மாசம் வயித்துக்குள்ள அதைக் கேட்டு வளந்த புள்ளை. இங்க தோப்புக்குள்ள ஈ பறக்கற சத்தம் கூட இல்லீங்க. அதுக்கு எப்படிங்க தூக்கம் வரும்?" என்று போனில் கேட்டாள்.

மயில்சாமிக்கு இது நியாயமாகத்தான் பட்டது. தறிச் சத்தத்தில் அவன் வீட்டில் யாரும் விழித்ததில்லை. கரண்ட் போய்த் தறி நின்றால்தான் வீடே எழுந்து உட்காரும்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பஸ் மாறி, டேப் ரெக்கார்டரைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். வீட்டிலிருந்த நல்ல பாட்டுக் கேசட் ஒன்றை அழித்து, பக்கத்துக்கு அரை மணியாக இரண்டு பக்கமும் பதிவு செய்திருந்தான். தறிக்கு முன்னால் ஒரு மணி நேரம் டேப்பைப் பிடித்தபடி நின்ற முதலாளியைப் பார்த்து, தறி ஓட்டுகிறவர்கள் தங்களுக்குள் என்னென்னவோ பேசிக்கொண்டார்களாம்.

மத்தியானச் சாப்பாடு முடிந்தது. குழந்தையைத் தொட்டிலில் போட்டார்கள். சாந்தாமணி தொட்டிலுக்குக் கீழே பாயில் சாய்ந்தாள். மயில்சாமி கேசட்டைப் போட்டான். தடக் தடக் என்று வீடு அதிர்ந்தது. தோப்பில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த ராசாத்தாளின் வீட்டுக்காரர் காளிச்சாமி, மோட்டார்தான் போய்விட்டது என்று நினைத்து மண்வெட்டியோடு ஓடி வந்தார்.

கால் மணி நேரம் ஆனது. தொட்டிலில் சத்தமில்லை. இருபது நிமிஷம், இருபத்தைந்து. ராசாத்தாள் வாசற்படியில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்கம்மாகிட்டச் சொல்லிருங்க மாப்பிள்ளை. புதன்கெழமை வண்டி வேண்டாமுங்க" என்றாள் மெதுவாக.

அவள் சொல்லி வாய் மூடவில்லை, டக் என்று டேப் நின்றது. முதல் பக்கம் முடிந்துவிட்டது. மயில்சாமி அப்படியே நின்றுவிட்டான். காளிச்சாமி மண்வெட்டியைக் கீழே வைக்கக்கூடப் பயந்தார். வீடு நிசப்தமாகிவிட்டது. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தொட்டிலையே பார்த்தார்கள்.

தொட்டில் அசையவில்லை. குழந்தை சத்தம் நின்றதையே சட்டை செய்யாமல், வாய் கோணச் சிரித்தபடி தூங்கிக்கொண்டிருந்தது.

பாயில் கிடந்த சாந்தாமணிதான் தூக்கிவாரிப் போட்டு எழுந்தாள். யார் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் நேரே தொட்டிலுக்குப் போனாள். குழந்தையின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். நம்பிக்கை வரவில்லை. நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். அதுவும் போதவில்லை. பிஞ்சு உள்ளங்காலை லேசாகக் கிள்ளினாள். குழந்தை வீல் என்று அலறியது.

சாந்தாமணிக்கு இப்போதுதான் உயிர் வந்தது. குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே திரும்பியவள், வாசற்படியில் நின்றவர்களைப் பார்த்தாள்.

"பாத்தீங்களாம்மா? டேப் நின்ன ஒடனே எப்படி முழிச்சுருச்சுன்னு."

 ராசாத்தாள் மருமகன் பக்கம் திரும்பினாள்.

"கேசட்டைத் திருப்பிப் போடுங்க மாப்பிள்ளை. புள்ளைக்கில்லீங்க, உங்க சம்சாரத்துக்கு."