மொசைக்கை விட்டு வாங்கிய மூன்று குழாய்கள்

நந்திதுர்க்கில் கட்டிக்கொண்டிருக்கும் தன் புது வீட்டின் கூடத்தில், ஈரம் காயாத சிமெண்ட் பூச்சின் முன்னால் ரெஜினா நிற்கிறாள். சாயங்கால வெயில் சுவரில் மினுங்குகிறது. அவள் வரைபடம் போடும் தொழிற்சாலையில், அவள் கோடு இழுக்காமல் ஒரு துளைகூட விழாது. இங்கே டிவிக்கு, போனுக்கு, அடுத்த வருஷம் வாங்கப்போகும் கம்ப்யூட்டருக்கு என்று, தரைக்கு மொசைக் வேண்டாமென்று மிச்சம்பிடித்து வாங்கிய மூன்று ஒயர் குழாய்களும் மூலையில் சாய்ந்து கிடக்கின்றன. அவை சுவருக்குள் பதியவேண்டிய இடத்தில் ஒரு சின்ன மாடம். அதன் உச்சியில் பல்பு ஹோல்டர்.

"இன்னா மேஸ்திரி இது?"

"ஏசு சாமி படத்துக்கும்மா. இந்த லைன்ல எல்லார் வூட்லயும் இங்கதான் செவப்பு பல்பு எரியுது. நீங்க மறந்துட்டீங்கன்னு நானே வச்சிட்டேன்." மேஸ்திரி பெருமையாகக் கரணையைத் துடைக்கிறார்.

கணவன் அலோசியஸ் அவள் முகத்தைப் பார்க்காமல், "சாமிக்குன்னு வச்சத ஒடைக்கறதா? ஒயருங்க செவுத்து மேலயே ஓடட்டுமே" என்கிறான்.

சிமெண்ட் மூட்டையடியில் அவள் கொடுத்த வரைபடம், மடித்த மடிப்பு கலையாமல் கிடக்கிறது. ரெஜினாவுக்குக் காது மடல் சுடுகிறது. குனிந்து உளியையும் சுத்தியலையும் எடுக்கிறாள். முதல் அடியிலேயே மாடத்தின் விளிம்பு பெயர்ந்து காலடியில் விழுகிறது.

"சாமிக்கு ஒயர் வேணாம். எனக்கு வேணும்."