ஒரு விளக்கும் இரண்டு வழிப்போக்கரும்

“டிராகனைப் பற்றிச் சொன்ன உடனே அப்பா போனை வைச்சிட்டார், நிமலன் அண்ணை. வேற ஏதும் விளையாட்டு இருந்தாச் சொல்லுங்கோ.”

கம்சிகாவும் நிமலனும் வேலணையில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர்கள். நிமலனுக்கு ஒரு பைத்தியம் உண்டு. மேசையைச் சுற்றி இருந்து, ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் மாய உலக விளையாட்டுகள். கம்பஸில் படிக்கும்போது பழகியது. இங்கே ஆள் சேராததால் போனிலேயே நடத்துவான்.

அம்மா காலமான பிறகு கம்சிகாவின் அப்பா குலசிங்கம் பேச்சையே விட்டிருந்தார். கேட்டால் ஓம், இல்லை. அவ்வளவுதான். அதனால்தான் அவள் நிமலனைப் பிடித்தாள்.

“டிராகன் விளையாட்டு எல்லாருக்கும் தெரிஞ்சது. ஆரும் அறியாததுகளிலதான் நல்ல சாமான் இருக்கு. எலிகள் சேர்ந்து காட்டைக் காவல் காக்கிறது ஒண்டு?”

“எலியோ! அப்பா பதுளையில அரிசிக் கடை வைச்சிருந்தவர். கல்லெடுத்து எறிவார்.”

“அப்ப, பாழடைஞ்ச நிலத்தைப் பிடிச்சு, படம் கீறி, ராச்சியம் கட்டுறது?”

“காணி பிடிக்கிற கதையே வேண்டாம். எல்லைச் சண்டையாலதான் அப்பா பக்கத்து வளவுப் பெரியப்பாவின்ர முகத்திலயும் முழிக்கிறேல்லை.”

நிமலன் சற்று யோசித்தான்.

“இது சரிவரும். ரெண்டு வழிப்போக்கர், ஒரு விளக்கு. இருட்டு ராச்சியத்தைத் தாண்ட வேணும். வாள், சண்டை ஒண்டுமில்லை. ஒராள் விளக்குப் பிடிச்சாத்தான் மற்றாள் நடக்கலாம்.”

“மற்றாளுக்கு எங்க போறது?”

“அதை நான் பாக்கிறன். நீர் அப்பாவை இருத்தும்.”

ஞாயிறு பின்னேரம் நிமலன் போன் எடுத்தான்.

“ஐயா, டென்மார்க்கில ஒரு பெரியவர் உங்களோட விளையாடச் சம்மதிச்சிட்டார். அங்க இன்ரநெற் சரியில்லை. அவர் சொல்லுறதை நான் கேட்டுச் சொல்லுறன்.”

குலசிங்கம் வேண்டாவெறுப்பாகத்தான் உட்கார்ந்தார். பாதி ஆட்டத்தில், உள்ளே வெக்கை என்று கதிரையைத் தூக்கி வளவுக்குள் வேலியோரம் போட்டார். அதன்பிறகு அவர் குரலே மாறிவிட்டது.

“பாலம் உடைஞ்செல்லோ கிடக்கு? நான் முதல் இறங்குறன். அவரை விளக்கை உயத்திப் பிடிக்கச் சொல்லும், தம்பி!”

“பிடிக்கிறாராம். கல்லு வழுக்குமாம், கவனமாம்.”

அடுத்த ஞாயிறும் ஆட்டம் நடந்தது, அதற்கடுத்ததும். அப்பா கேட்டு வாங்கிச் சாப்பிடத் தொடங்கினார். குசினி வாசலில் நின்று பேய்க்காட்டைக் கடந்த கதையைச் சொன்னார். கம்சிகா திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கடைசி ஆட்டம். ராச்சியத்தின் எல்லை வந்துவிட்டது. விளக்கோடு ஒருவர்தான் வெளியேற முடியும். மற்றவர் இருட்டிலேயே நின்றுவிட வேண்டும்.

“அவர் உங்களைப் போகச் சொல்லுறார், ஐயா.”

குலசிங்கம் வேலிப் பக்கம் திரும்பினார்.

“ஏலாது. விளக்கை அவர் கொண்டு போகட்டும். அவருக்குக் கண் பார்வை குறைவு.”

கம்சிகா கேட்டாள்.

“அப்பா, டென்மார்க்கில இருக்கிறவருக்குக் கண் பார்வை குறைவெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?”

அவர் எழுந்து வேலிப் படலையைத் திறந்தார்.

“டென்மார்க் எங்க பிள்ளை? முதல் நாளே வேலிக்கு அங்கால எனக்குக் கேட்டுது. நிமலன் வாய் திறக்க முன்னம் ஒவ்வொரு பதிலையும் சொல்லுறது என்ர அண்ணை.”