இருபதாவது பதில்

விபத்துக்குப் பிறகு தினமும் காலையில் சூப்பர்வைசர் ஆலையின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பயிற்சிக் கேள்வி போடுவார். "கலவை மெஷினுக்குள் கையை விடும் முன் என்ன செய்வீர்கள்?"

ஆட்கள் பத்தொன்பது பேர். பதில்கள் இருபது வரும். பத்தொன்பதும், "நானே மெயினை அணைப்பேன்." இருபதாவது, அந்த விபத்தில் செத்துப்போனவனின் எண்ணிலிருந்து: "அணைச்சாச்சுன்னு சூப்பர்வைசர் சொன்னா போதும்."

அவன் மனைவியைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"அந்த போனை அவரோடயே வச்சு அனுப்பிட்டோம்ண்ணே."

குழுவிலிருந்து அந்த எண்ணை நீக்கினார். மறுநாளும் இருபது.

பொறுக்கமாட்டாமல் அந்த எண்ணுக்கே எழுதினார். "தம்பி, அன்னைக்கு நான் பொய் சொல்லிட்டேன்டா. மெயினை அணைக்கவே இல்ல. என்னை விட்டுடு."

இரண்டு நீல டிக்குகள் விழுந்தன. பதிலும் வந்தது.

"இப்பவாவது அணைங்கண்ணே. கை உள்ளதான் இருக்கு."