பூஜையில் வைத்த பர்னர் தட்டு

"ஏலே, மரியாதையா அந்தத் தட்டை எடுத்துக் குடு."

"சாமிகிட்ட வச்சத மறுபூஜை போடாம எடுக்கக் கூடாது அண்ணாச்சி. நாளைக்கு எடுத்துக்கிடலாம்."

சூப்பர்வைசர் வல்லரசுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ராஜபாளையத்தில், பேண்டேஜ் துணி வெளுக்கும் ஆலை அது. ஆயுத பூஜைக்குப் பாய்லரைத் துடைத்த பாய்லர்க்காரன் சங்கிலிப்பாண்டி, பர்னரின் இரும்புத் தட்டைக் கழற்றிக் கொண்டுபோய் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டான். முதலாளியோ, சாயங்காலமே வேலை ஓடியாக வேண்டும் என்று போனில் கத்துகிறார்.

அந்தத் தட்டு இல்லாமல் பாய்லர் எரியாது. காற்று சீறி வரும் வழியில் அது குறுக்கே நிற்கும். அதன் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டுதான் தீ நின்று எரியும். மறைப்பு இல்லையென்றால் காற்று தீயை அடித்துக்கொண்டு போய்விடும்.

"செவ்வாய், வெள்ளி விரதம் இருக்கிற எனக்கே நீ சாஸ்திரம் சொல்லுதியா?"

"சாமி குத்தம் ஆயிரும். சொன்னாக் கேளுங்க." படத்தை மறைத்துக்கொண்டு நின்றான் சங்கிலிப்பாண்டி.

"சங்கிலி சாமியாராப் போயிட்டான்டோய்!" என்று சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

வல்லரசு அவனைத் தள்ளிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஒரு தேங்காயையும் உடைத்தார். சந்தனம் அப்பியிருந்த தட்டை அப்படியே எடுத்துப்போய் அவரே மாட்டினார்.

தீ பிடித்தது. ஸ்டீம் சீக்கிரம் ஏறட்டும் என்று கேஸையும் காற்றையும் கூட்டினார். தீ தட்டை விட்டு விலகிப் படபடத்தது. பிறகு அணைந்தே போனது. சலித்துக்கொண்டு மறுபடியும் தீப்பொறி பட்டனில் கை வைத்தார்.

"அமுக்காதீங்க அண்ணாச்சி! உள்ள கேஸ் நெறஞ்சி நிக்கு!" கத்திக்கொண்டே வால்வை மூட ஓடினான் சங்கிலிப்பாண்டி.

அதற்குள் வல்லரசு அமுக்கிவிட்டார். வெடித்த வேகத்தில் பாய்லர் கதவு பிய்ந்து அவன் மேல்தான் விழுந்தது. வல்லரசுவுக்குப் புருவம் கருகியதோடு சரி.

மறுநாள் விஜயதசமி. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில், பிணவறைச் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள் சங்கிலிப்பாண்டியின் மனைவி சுடலைமாடத்தி. வல்லரசு தலையில் அடித்துக்கொண்டு அழுதார். மெய்யாகவே அழுதார்.

"சாமி குத்தந்தான் தாயி! படிச்சுப் படிச்சுச் சொன்னான். அம்புட்டு பக்தி உள்ளவன் பேச்சக் கேக்காமப் போயிட்டேனே!"

சுடலைமாடத்தி மெல்ல நிமிர்ந்தாள்.

"அவியளுக்கா பக்தி? என்னையக் கெட்டுன நாள்ல இருந்து ஒரு கோயில் வாசப்படி மிதிச்சதில்ல அண்ணாச்சி. தட்டு ஓரமெல்லாம் கருகி உதுந்துபோச்சு, தீ நிக்காதுன்னு உங்ககிட்ட எத்தனையோ தடவை சொன்னாவளாமே. 'நாளைக்குக் கடை தொறந்ததும் புதுசு வாங்கி மாட்டிருவேன். அதுவரைக்கும் பாய்லர ஓட்டக் கூடாது. நான் சொன்னா அவரு கேக்க மாட்டாரு, சாமிக்காவது பயப்படுவாரு'ன்னு சொல்லித்தான் அத பூஜையில வச்சாவ."